காணிப்பாக்கத்தில் மேஸ்திரி செய்த சத்தியம்

ஆனி பிறந்துவிட்டால் செங்கம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில், மகள் வீட்டு மாடியில் இப்போது சௌகரியமாகத்தான் இருக்கிறாள். ஃபேன் உண்டு, டிவி உண்டு, மருமகன் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனாலும் தள்ளுவண்டியில் பெங்களூரா மாம்பழம் வந்து நின்றால் அந்த வாசனை மாடிக்கு ஏறிவிடும். உடனே அவள் மனசு கிளம்பிச் சித்தூருக்குப் போய்விடும். கூப்பிட்டால் காது கேட்காது. "அம்மா பேக்டரிக்குப் பூட்டாங்க" என்று மகள் கேலி செய்வாள்.

பேக்டரி என்றால் சும்மா இல்லை. அதில் மூன்று சீசன் இருந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எங்கே போனாலும் முதலாளி முதலாளிதான், கூலி கூலிதான் என்று யாராவது அவள் முன்னால் பேசிப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. டெல்லியில் கதவைத் திறந்துவிட்டார்கள், இனிமேல் நாடு எங்கேயோ போகப்போகிறது என்று பேப்பர்க்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்தில் அந்தக் கதவு வழியாக வெளியே போனது மாம்பழக்கூழ். டின்னில் அடைத்து, கப்பலில் ஏற்றி, துபாய்க்கும் அதைத் தாண்டியும் போயிற்று. பாலசமுத்திரம் பக்கத்து ஆம்பிளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக, பெண்கள் விடிகாலையில் லாரி ஏறி, புத்தூர் ரோட்டிலிருந்த கூழ் பேக்டரிக்கு வந்தார்கள். செங்கம்மா அந்தக் கதவு திறப்பதற்கு முன்பிருந்தே அப்படி வந்தவள். பத்து சீசன் மேஜையில் உட்கார்ந்து பழம் நறுக்கினாள். பதினோராவது சீசனில் நாற்பது பெண்களுக்கு மேஸ்திரி ஆனாள்.

மேஸ்திரி ஆனதும் அவள் செய்த முதல் காரியம், தனக்கு மேஸ்திரியாக இருந்தவனைப் போலவே கத்தியதுதான். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி, வாயைத் திறந்தால் ஷெட்டே நாறும். திட்டாவிட்டால் கை ஓடாது என்று உண்மையாகவே நம்பினாள். அவளைத் திட்டியபோது அவள் கை எப்படி ஓடியது, ஆத்திரத்தில் எத்தனை பழத்தைக் கொட்டையோடு நறுக்கித் தள்ளினாள் என்பதெல்லாம் வசதியாக மறந்துபோயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோவர்த்தனன் மேனேஜராக வந்தார். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயது, ஒல்லி, சத்தமாகப் பேசவே வராது. பெண்கள் அவருக்கு ஒரு வாரம் கெடு வைத்தார்கள். அதற்குள் ஓடிவிடுவார் என்று பந்தயம்.

முதல் நாள் அவர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்தார். அதுவரை அங்கே நம்பர்தான் கூப்பிடுவது. ஏழு, எட்டு, ஒன்பது என்று கூப்பிட்டால் ஆடு மாதிரி உள்ளே போவார்கள். இவர் ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டு எழுதினார். மறுநாளிலிருந்து பெயரைச் சொல்லி, கூடவே "அம்மா" என்று சேர்த்துக் கூப்பிட்டார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பதினெட்டு வயசுப் பெண்ணைப் போய் அம்மா என்கிறாரே, இவருக்குக் கண் தெரியவில்லையா என்றாள் ஷோபா. அந்த ஷெட்டிலேயே துடுக்கு அவள்தான்.

அப்புறம் டீ. இதைச் சொல்லாமல் விட முடியாது. காலனிப் பெண்களுக்கு டீ, ஷெட்டுக்குப் பின்னால் சுவரோரம். டம்ளர் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மற்றவர்களுக்கு முன்பக்கம் கேன்டீன் டம்ளர், உட்கார பெஞ்சு. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, யாரும் மீறியதும் இல்லை. மேஸ்திரி ஆன பிறகும் செங்கம்மா அந்தச் சுவரோரத்தில்தான் தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். மேஸ்திரிப் பட்டம் முன்பக்கத்துப் பெஞ்சு வரைக்கும் அவளைக் கொண்டுபோகவில்லை.

கோவர்த்தனன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் போட்டுப் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டாம் நாள் பத்து மணிக்குத் தன் டீயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்துபோய், சுவரோரம் பெண்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து குடித்தார். மறுநாளும் அதே. மேனேஜர் எங்கே குடிக்கிறாரோ அங்கேதானே கேன்டீன்காரன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்? வந்தான். ஒரே தட்டில் ஒரே மாதிரி டம்ளர்கள். "எடுத்துக்குங்கம்மா" என்றார். யாரும் கை நீட்டவில்லை. செங்கம்மாதான் முதலில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் டீ பாதி புடவையில் கொட்டியது. பத்து நாளில் மொத்தப் பேருக்கும் ஒரே இடம் என்றாகிவிட்டது. இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார்கள். போகட்டும், யாருக்கு நஷ்டம்?

திட்டுவதை நிறுத்தச் சொல்லி அவர் செங்கம்மாவிடம் கேட்டபோதுதான் பெரிய கஷ்டம். நிறுத்தினால் இவர்கள் தலைமேல் ஏறுவார்கள் என்று அவள் வாதாடினாள். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வாரம் செங்கம்மா பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வரும், விழுங்குவாள், இருமுவாள். பெண்கள் வேண்டுமென்றே அவளைச் சீண்டுவார்கள். "இன்னாக்கா, வாயில கொழுக்கட்டையா?" என்பாள் ஷோபா. ஆனால் பாருங்கள், வாரக் கடைசியில் நறுக்கிய பழத்தை எடை போட்டால் குறையவில்லை. கொஞ்சம் கூடவே இருந்தது. செங்கம்மாவுக்கு அது அவமானமாகக்கூட இருந்தது, அத்தனை நாள் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியதெல்லாம் வீண்தானா என்று.

வாசலில் ஒரு கரும்பலகையும் மாட்டினார். ஷிப்டில் என்ன தப்பு நடந்ததோ அதை அன்றைக்கே எழுத வேண்டும், பேர் போடத் தேவையில்லை. முதல் வரியை அவரே எழுதினார். பாய்லரைப் பற்றவைக்கச் சொல்ல மறந்தேன், ஒரு மணி நேரம் போயிற்று, கோவர்த்தனன். தன் பேரை மட்டும் போட்டிருந்தார். அதற்கப்புறம் மெல்ல மெல்ல மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஷோபா எழுதிக் கொடுத்தாள். சின்னச் சின்ன விஷயங்கள். அழுகல் பழம் பெல்ட்டில் போய்விட்டது, குழாயை மூட மறந்தது. பெரிய தப்பு ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது சீசனில் அது வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கூழ் மெஷினின் சல்லடையைக் கழுவும்போது ஒரு கண்ணாடிச் சில்லு கிடைத்தது. சிவப்பு. வளையல் துண்டு என்று பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே வரும்போது எல்லார் கையும் வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். வாங்குகிற வெளிநாட்டுக்காரன் போட்ட சட்டம். பெரிய சில்லு சல்லடையில் நின்றுவிட்டது, சரி. பொடிப்பொடியாகப் போனது? அது டின்னுக்குள் போயிருக்கும். எந்த நேரத்தில் உடைந்தது என்று தெரிந்தால் அந்த நேரத்து டின்களை மட்டும் கொட்டலாம். தெரியாவிட்டால் அன்றைய நாள் முழுக்க அடைத்ததைக் கொட்ட வேண்டும். கொட்டாமல் அனுப்பினால் எங்கேயோ ஒரு குழந்தை குடிக்கும்.

மறுநாள் காலையில் கோவர்த்தனன் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. விஷயம் திருப்பதியில் இருந்த முதலாளிக்குப் போனது. முதலாளி போனில் இரண்டே வார்த்தை சொன்னார். லாரியில் ஏற்று, காணிப்பாக்கத்துக்குக் கொண்டுபோ.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால், குளத்தில் முழுகி ஈரத்துணியோடு நின்று பொய்ச் சத்தியம் செய்தவர் உருப்பட மாட்டார் என்பது நம்பிக்கை. போலீஸில் பொய் சொல்லலாம், கோர்ட்டில் பொய் சொல்லலாம், அங்கே முடியாது. அதனால் ஊர்ப்பக்கத்தில் எது காணாமல் போனாலும் கூலிக்காரர்களைத்தான் அங்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். முதலாளிகள் முழுகியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

செங்கம்மாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், பழைய மேனேஜர் காலத்தில், பித்தளை வால்வு ஒன்று காணவில்லை என்று பதினெட்டுப் பெண்களை லாரியில் ஏற்றினார்கள். அதில் அவளும் ஒருத்தி. விடிகாலைக் குளிரில் முழுகி, நடுங்கிக்கொண்டே சத்தியம் செய்தாள். நான்கு நாள் கழித்து வால்வு ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், சொல்லவில்லை.

"நானு இவங்கள ஏத்த மாட்டேன் சார்," என்றாள் கோவர்த்தனனிடம். "இவங்க சத்தியம் பண்ணி இன்னா ஆவப் போவுது? சொன்னா வேலை பூடும்னு பயம். அந்த பயத்துக்கு நாமதான் காரணம். சத்தியம் பண்றதா இருந்தா நாம பண்ணணும்."

அவர் சரி என்றார். பிறகு பெண்களைக் கூப்பிட்டார். யார் வளையல் என்று சொன்னால் அவருக்கு வேலை போகாது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். ஷோபா விடுவாளா? அப்படியானால் அதைக் காணிப்பாக்கத்தில் சொல்லுங்கள், மேனேஜரும் மேஸ்திரியும் முழுகட்டும், நாங்கள் படியில் நின்று பார்க்கிறோம் என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

லாரி கிளம்பியது. நாற்பது பெண்கள் குளத்துப் படியில் நிற்க, மேனேஜர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று முழுக்குப் போட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது, மூன்றாவது முழுக்கில் மூச்சுத் திணறியது. பூ விற்கிற பெண்கள்கூடக் கூடையை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். செங்கம்மாவும் முழுகினாள். சொட்டச் சொட்ட உள்ளே போய், உண்மையைச் சொல்கிறவருக்கு எங்களால் வேலை போகாது என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். செங்கம்மா தன்பாட்டுக்கு ஒரு வார்த்தை கூடச் சேர்த்தாள். போனால் அதற்கு நான் ஜவாப்தாரி என்று.

லாரி திரும்பியது. பாதி வழியில் பிரேமலதா எழுந்து செங்கம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாலசமுத்திரத்துப் பெண், ஏழு மாசம். ரெண்டு வாரத்துக்கு முன்னால்தான் வளைகாப்பு நடந்திருந்தது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்த வளையலைக் கழற்றக் கூடாது, கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது. வேலையையும் விட முடியாது. புருஷன் பெங்களூரில் சாரம் கட்டுகிறவன், வந்து மூன்று மாசம் ஆயிற்று. அதனால் வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றி, துணி சுற்றி இறுக்கிக் கட்டி, முழுக்கை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் அக்கா," என்றாள். "டீ குடிச்சிட்டு வந்து கூடைய தூக்கச்சொல்ல ஒடஞ்சிச்சி. பொறுக்கிட்டேன்னு நெனச்சேன். ரெண்டாவது டாங்கி ஓடிக்கினு இருந்துது."

செங்கம்மாவுக்கு அப்போது வந்தது கோபமில்லை, வெட்கம். ஏனென்றால் அவளுக்கு இது தெரியும். நான்கு நாளைக்கு முன்னால் பிரேமலதா கையைத் தூக்கியபோது ரவிக்கைக்குள் துணிக்கட்டு புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். வளைகாப்புக்கு அவளே போய் மஞ்சள் பூசி, சோறு தின்றுவிட்டு வந்தவள். அந்த வளையலைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது என்று பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

இரண்டாவது டாங்கியின் டின்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொட்டினார்கள். மிச்ச சரக்கு பிழைத்தது. கோவர்த்தனன் பிரேமலதாவைக் கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார். லேபிள் ஒட்டுகிற அறையில் கூழ் வாடையே கிடையாது, அங்கே வளையலோடு உட்காரலாம், மாசமாக இருக்கிற பெண்களுக்கெல்லாம் இனிமேல் அங்கேதான் வேலை என்றார். இந்த யோசனை முன்னாலேயே வந்திருக்கலாமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

மூன்று நாள்தான். நான்காம் நாள் காலையில் பிரேமலதாவை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். திருப்பதியிலிருந்து காகிதம் வந்திருந்தது. வாங்குகிற கம்பெனியின் ஏஜென்ட், யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள், பேரோடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏழு மாச வயிற்றோடு அந்தப் பெண் வெயிலில் ரோட்டோரம் நின்றாள். அழவில்லை. செங்கம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைச் செங்கம்மாவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அன்று ஷெட்டில் கத்திச் சத்தம் மட்டும்தான். ஒரு பேச்சு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. சாயங்காலம் கரும்பலகை காலியாக இருந்தது. ஒரு தப்பும் நடக்காத நாள் என்று வெளியாள் நினைப்பான். செங்கம்மாவுக்கோ, மூன்று சீசன் கட்டியது மூன்று நாளில் இடிந்துபோய்விட்டது, இனிமேல் இவர்களில் ஒருத்தியும் ஜென்மத்துக்கும் உண்மை சொல்ல மாட்டாள் என்று தோன்றியது. அதோடு பிள்ளையார் முன்னால் சொன்ன வார்த்தை. ஜவாப்தாரி நான் என்று சொன்னது அவள் வாய்தானே?

மறுநாள் லீவு சொல்லாமல் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். திருப்பதி பஸ்ஸில் ஏறினால், மூன்றாவது சீட்டில் கோவர்த்தனன் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு கவர். இருவரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. கவரில் என்ன என்று கேட்டாள். ராஜினாமா என்றார். பூதலபட்டு தாண்டுகிற வரைக்கும் செங்கம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அத்த உள்ள வெய்யிங்க சார். நீங்களும் பூட்டா அந்தப் பொண்ணுங்களுக்கு ஆரு கீறாங்க?"

திருப்பதி ஆபீஸில் ஏசி போட்டிருந்தார்கள். முதலாளி கெட்டவரில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சரியான நாளில் சம்பளம் கொடுக்கிறவர், மலைக்கு நடந்து போகிறவர். ஏஜென்ட் கேட்கிறான், நான் என்ன செய்ய என்றார் தெலுங்கில். கோவர்த்தனன் தன்மையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் சொல்லாவிட்டால் ஒரு நாள் சரக்கு மொத்தமும் போயிருக்கும், சொன்னவளைத் தண்டித்தால் அடுத்த தடவை கண்ணாடி நேராகக் கப்பல் ஏறும் என்றார். எல்லாம் நியாயம்தான், ஆனால் சத்தியம் செய்தது நீங்கள், நான் இல்லை என்று முதலாளி சிரித்தார். காகிதத்தில் ஒரு பேர் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

செங்கம்மா அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்பேர எழுதுங்க," என்றாள்.

முதலாளிக்குப் புரியவில்லை.

"அந்தப் பொண்ணு வளையலு போட்டுக்கினு வந்தது எனக்குத் தெரியும். பாத்தேன். பாத்துட்டு கம்முனு இருந்தேன். அவ சொல்லிட்டா, நான் இன்னும் சொல்லல. தப்பு மேஸ்திரி மேலன்னு எழுதுங்க, அது நெசம்தான். அவள வுட்டுடுங்க."

கோவர்த்தனன் திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.

முதலாளி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். உன்னை மேஸ்திரியாக வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது என்றார். தெரியும் என்றாள். பழையபடி மேஜைக்குத்தான் போகவேண்டும், பழைய கூலிதான் என்றார். சரி என்றாள். பத்து வருஷம் கத்தி பிடித்து ஏறிய படி, ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டாள். வெளியே வந்ததும் கோவர்த்தனன் பஸ் ஸ்டாண்டு வாசலில் அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். அவள் தின்றாள். நல்ல பசி. அன்றைக்குத் தின்ற மாதிரி இட்லி அப்புறம் திருப்பதியில் எங்கும் கிடைக்கவில்லை என்பாள்.

பிரேமலதா மறுநாளே லேபிள் அறைக்கு வந்துவிட்டாள். செங்கம்மா மேஜையில் கடைசி இடத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். மூன்று சீசன் கழித்து விரல் முதலில் திணறியது, அப்புறம் தடம் பிடித்துக்கொண்டது. பெண்கள் யாரும் அவளிடம் வந்து உருகவில்லை. நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் கரும்பலகை அன்றும் காலிதான், அதற்கு மறுநாளும் காலிதான். தன் பட்டம் போனதைவிட அதுதான் செங்கம்மாவை அரித்தது. பட்டத்தைக் கொடுத்து ஒரு பெண்ணின் வேலையை மீட்டாகிவிட்டது. நம்பிக்கையை மீட்க என்ன கொடுப்பது?

மூன்றாம் நாள் புது மேஸ்திரி வந்தான். ஜெயபிரகாஷ், முதலாளிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம், திருப்பதிப் பையன், கையில் விசில். வந்ததும் இந்தப் பக்கம் பேச்சு வேண்டாம், அந்தப் பக்கம் சிரிப்பு வேண்டாம் என்று ஆரம்பித்தான். யாரையும் பேர் சொல்லவில்லை, தெலுங்கில் அடியே என்கிற மாதிரி "ஒசேய்" என்றுதான் கூப்பிட்டான். கோவர்த்தனன் அவனை ஓரமாக அழைத்துப் பேசினார். தலையாட்டினான், திரும்பி வந்து மறுபடி விசில் ஊதினான். செங்கம்மா குனிந்த தலை நிமிராமல் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தாள்.

பதினோரு மணி இருக்கும். சரக்கு தளும்பிக்கொண்டிருக்கிற நேரம், பெல்ட் நிறையப் பழம். திடீரென்று பெல்ட் நின்றது. மெஷின் சத்தம் அடங்கி, ஷெட் முழுக்க ஈ பறக்கிற சத்தம் கேட்டது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஷோபா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது, கையில் கத்தி.

"என் கத்தி முனை ஒடஞ்சி பூட்சி. அல்லாரும் கைய எடுங்க. கெடைக்கிற வரைக்கும் ஆரும் பெல்ட்ட தொடாதீங்க."

ஜெயபிரகாஷ் ஓடி வந்தான். சரக்கு ஓடுகிற நேரத்தில் மெஷினை நிறுத்த உனக்கு யார் சொன்னது, யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கத்தினான். எழுதிப் போட்டால் உன் வேலை இருக்குமா என்று கேட்டான்.

ஷோபா பயந்துதான் இருந்தாள். ஆனால் நகரவில்லை. அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆரும் சொல்லல சார். இங்க அதான் வழக்கம்."

அவ்வளவுதான். நாற்பது பெண்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பெல்ட்டில் கிடந்த பழத்தை ஒவ்வொன்றாகத் தடவித் தேட ஆரம்பித்தார்கள். அவன் விசிலை ஊதினான், ஒருத்தியும் திரும்பவில்லை. லேபிள் அறையிலிருந்து பிரேமலதாகூட வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

செங்கம்மாவும் எழுந்தாள். எழுந்தாளே தவிர, கண்ணில் எதுவும் தெரியவில்லை, பொலபொலவென்று கொட்டுகிறது. புறங்கையால் துடைத்தாள். கையெல்லாம் மாங்காய்ப் பால், கண் எரிந்து தொலைத்தது. எரிந்தாலும் துடைத்துக்கொண்டே, மற்றவர்களோடு சேர்ந்து அந்தத் துண்டு இரும்பைத் தேடினாள்.